பரத்பூர் ஏரிக்கரையில் மூன்று நாட்கள்

தில்லியில் வாழும் நம் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் சென்று வரும் ஊர்களுக்கு ஓர் எழுதாத வரிசை உண்டு. ஆக்ரா, மதுரா, பிருந்தாவனம், ஹரித்துவாரம் என்று அது செல்லும். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்துவிட்டால் மறுபடியும் ஆக்ராவிலிருந்து தொடங்கும். ஆக்ராவுக்கு மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரத்பூர் அந்த வரிசையில் இடம் பெறுவது அரிது. நானும் இத்தனை ஆண்டுகளாக அவ்வூரைப் புகைவண்டியின் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தேன். சென்ற டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில், புகைப்படம் எடுப்பதில் ஆர்வமுள்ள அறுவர் கூடி மூன்று நாட்கள் அங்கே தங்கிப் பயில்வதாக ஏற்பாடாயிற்று. அந்த அறுவரில் நானும் ஒருவன்.

தில்லியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் வண்டியில் ஏறினால் மதுரா வழியாக மூன்று மணி நேரத்துக்குள் பரத்பூர் சேர்ந்துவிடலாம். பறவைகளின் சரணாலயமான கேவலாதேவ் தேசியப் பூங்கா நகரின் ஓரத்திலேயே இருக்கிறது. அதன் வாயிலுக்கு வெளியே ஓர் எளிய விடுதியில் எங்களுக்கு இடம் அமர்த்தியிருந்தார்கள். ஜெய்ப்பூரிலிருந்து வந்த ஒரு மருத்துவர், லட்சுமணபுரியைச் சேர்ந்த வங்கி அதிகாரி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், நான்: இவ்வளவே கூட்டம். எங்களுக்குக் கற்பிக்க வந்தவர் மராட்டிய நாட்டு அம்மையார் ஒருவர். அறுபது வயதைக் கடந்தவர். குரலை உயர்த்தாமல் பேசுபவர்.

அம்மையார் முதல் நாள் காலையிலேயே மூன்று விதிகளைச் சொன்னார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் எடுக்கலாகாது. எடுத்த படத்தை அழிக்கலாகாது. மாலை வரையில் எடுத்த படத்தைத் திருப்பிப் பார்க்கவும் கூடாது. இந்த மூன்றாம் விதிக்காக எங்கள் காமிராக்களின் பின்புறத் திரைமேல் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டார். ஒரு நொடியில் பத்துப் பதினைந்து படங்கள் எடுக்கவல்ல இக்காலக் கருவிகளைக் கையில் வைத்திருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “பன்னிரண்டா?” என்று மாணவர்களில் ஒருவர் கேட்டேவிட்டார்.

அந்த எண் எனக்குப் புதியதன்று. என் தந்தையார் வைத்திருந்த ஆக்பா க்ளிக் 3 என்னும் பெட்டிக் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே விழும். அந்தப் பன்னிரண்டும் தீர எங்கள் வீட்டில் ஓர் ஆண்டுகூட ஆகும். பொங்கலுக்கு இரண்டு, யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒன்று, ஊருக்குப் போகையில் நான்கு என்று கணக்குப் பார்த்துச் செலவிடுவார். அவர் நினைவு அன்று காலையில் அப்படித்தான் வந்தது. அதனால் வரப்போவது இன்னதென்று அப்போது நான் அறியவில்லை.

பூங்காவுக்குள் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் மோட்டார் வாகனங்கள் செல்ல அனுமதி இல்லை. நடக்கலாம், மிதிவண்டியில் போகலாம், அல்லது ரிக்ஷாவில் ஏறலாம். இந்த ரிக்ஷாக்காரர்களில் சீக்கியர் பலர். பல்லாண்டுகளாக இவ்வேலை செய்து, பறவைகளின் பெயர், குரல், கூடு, பழக்கம் எல்லாவற்றையும் கற்றுத் தேர்ந்தவர்கள். எனக்கு வாய்த்த சர்தார்ஜி, பனிமூட்டத்தில் எனக்கு ஒன்றுமே புலப்படாத ஒரு பட்டுப்போன மரத்தைக் காட்டி, “பாபுஜி, அந்தப் பொந்தில் ஆந்தைகள் இரண்டு” என்றார். கால் மணி நேரத்துக்குப் பின் பனி விலகியது. இரண்டு புள்ளி ஆந்தைகள் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்திருந்தன.

முதல் ஒரு மணி நேரம் காமிராவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது என்பது அம்மையாரின் கட்டளை. ஆளுக்கொரு இடமாக ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். ஏழெட்டு டிகிரிக் குளிர்; விரல்கள் மரத்துப்போயின. எதிரே நீரில் நின்ற கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. பருவம் முடியும் காலமாதலால், தாயளவு வளர்ந்துவிட்ட குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகின. பாம்புத் தாராவொன்று கிளையில் அமர்ந்து, இறக்கைகளை விரித்து வெயில் வருமென்று காத்திருந்தது. நாமக்கோழிகள் நீரைக் கிழித்துக்கொண்டு ஓடின. முதல் கால் மணி நேரம் பொறுமையின்மையில் கழிந்தது. அதற்குப் பிறகு காதுகள் திறந்துகொண்டன என்று சொல்லலாம். நீருக்குள் மீன் துள்ளுவதும், நாரைக் குஞ்சுகள் இரை கேட்டு இரைவதும், தொலைவில் ரிக்ஷா மணியும் தனித்தனியே கேட்கலாயின.

மஞ்சள் மூக்கு நாரையை நம்மவர்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செங்கற்பட்டுக்கு அப்பாலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளில் அதுவும் ஒன்று. வரித்தலை வாத்து என்றொரு பறவையையும் இங்கே கூட்டங்கூட்டமாகக் கண்டோம். வெண்ணிறத் தலையில் இரண்டு கருங்கோடுகள் உடையது. மத்திய ஆசியாவிலும் திபெத்திலும் கோடையைக் கழித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருவது. இதே இனம் திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் வரையிலும் செல்கிறது. மூன்று நாள் புகைவண்டிப் பிரயாணத்துக்கே அலுத்துக்கொள்ளும் நம்மைப் போன்றவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ்மல் பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பீர், பாணகங்கா ஆறுகளின் வெள்ளத்தைத் தடுக்க அஜான் அணையைக் கட்டினார். பின்னால் வந்த அரசர்கள் கால்வாய்களும் மதகுகளும் அமைத்து, தாழ்ந்த நிலத்தில் நீரைத் தேக்கினார்கள். அவர்கள் நோக்கம் பறவைகளைக் காப்பதன்று, சுடுவது. பூங்காவின் நடுவே, அதற்குப் பெயரளித்த கேவலாதேவ சிவன் கோயிலின் அருகில், எந்த நாளில் எந்தத் துரை எத்தனை பறவைகளைச் சுட்டார் என்று பொறித்த கற்கள் இன்றும் நிற்கின்றன. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில், ஒரே நாளில் விழுந்த பறவைகள் 4,273. அக்கல்லை நாங்கள் யாரும் படம் எடுக்கவில்லை. ஆயினும் நெடுநேரம் நின்று படித்தோம்.

சுதந்தரத்துக்குப் பின் இவ்விடம் காக்கப்பட்டதில் பறவையியல் அறிஞர் சாலிம் அலிக்குப் பெரும் பங்கு உண்டு. 1981-இல் இது ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சிறப்புமிக்க நீர்நிலையாக ஏற்கப்பட்டது. 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் இங்கே காணப்பட்ட பறவையினங்கள் 350-க்கும் மேல்.

தேசியப் பூங்காவானபோது, சுற்றுப்புறக் கிராமத்தார் எருமைகளை உள்ளே மேய்ப்பது தடை செய்யப்பட்டது. மக்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதன் பிறகு நேர்ந்தது எவரும் எதிர்பாராதது. எருமைகள் தின்று குறைத்து வந்த ஒருவகை நீர்ப்புல் தடையின்றிப் பெருகி ஏரியை மூடலாயிற்று. நீர்ப்பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்து, எருமை இந்த ஏரிக்குப் பகையன்று, துணையே என்று கண்டார்கள். பறவைகளை நேசிப்பது ஒன்று, அவற்றின் வாழ்வை அறிவது வேறொன்று என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

மாலையில் விடுதிக்குத் திரும்பிக் கறுப்புத் தாளை எடுத்துப் பார்த்தபோது, என் பன்னிரண்டு படங்களில் ஒன்பது பயனற்றவை. வெண்ணாரைகள் எல்லாம் சாம்பல் நிறமாக விழுந்திருந்தன. அம்மையார் காரணத்தை விளக்கினார். காமிராவுக்கு வெண்மையும் தெரியாது, கருமையும் தெரியாது. எதிரே உள்ள எதையும் நடுத்தரச் சாம்பலாக்குவதே அதன் இயல்பு. ஆகவே வெண்பறவைக்கும் பனிமூட்டத்துக்கும், கருவி சொல்வதைவிட ஒரு மடங்கு கூடுதலாக ஒளியை விட வேண்டும். இருண்ட நீரின் நடுவே ஒரு சிறு வெண்பறவை நின்றாலோ அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். “கருவி சொல்வதைக் கேளுங்கள்; ஆனால் கண்ணால் கண்டதை நம்புங்கள்” என்றார்.

நம் நாட்டில் வனவிலங்குகளைப் புகைப்படம் எடுத்தவர்களில் முன்னோடியாக அவர் குறிப்பிட்டது ஒரு தமிழரை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912 - 1996) அவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950-இல் தொடங்கிய தம் இயற்கைப் பத்தியை இறுதிக்காலம் வரை எழுதியவர். வண்ணம் எளிதாகக் கிடைத்த காலத்திலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். அவர் பெயரை ஒரு மராட்டிய அம்மையாரின் வாயால், ராஜஸ்தானத்தில், லாந்தர் வெளிச்சத்தில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் எழுத்தில் ஒரு பக்கங்கூட நான் படித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தபோது அந்தப் பெருமை குறைந்தது.

இரண்டாம் நாள் நான் செய்த பிழையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

பறக்கும் பறவைகளில் மிக உயரமானது சாரஸக் கொக்கு. ஏறக்குறைய ஆள் உயரம்; சாம்பல் உடல், சிவந்த தலை. ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் வாழ்வதால் வடநாட்டு மக்கள் அதைப் போற்றுகிறார்கள். அன்று பிற்பகல் ஓர் இணை, மழைக்காலத்தில் பொரித்த குஞ்சு ஒன்றுடன், கரையிலிருந்து நூறு கஜம் தள்ளிச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்தது. அதுவரை நான் பதினொரு படங்கள் எடுத்துவிட்டிருந்தேன். எஞ்சியது ஒன்று. அந்த ஒன்று முந்தைய நாளின் தோல்விகளுக்கெல்லாம் ஈடாக இருக்க வேண்டும் என்று மனம் விரும்பியது. பாதையை விட்டு இறங்கலாகாது என்பது பூங்காவின் விதி. சர்தார்ஜி தேநீர் குடிக்கச் சென்றிருந்தார். நான் இறங்கினேன்.

நாணலுக்குப் பின்னால் குனிந்தபடியே நாற்பது கஜம் வரை நெருங்கினேன். மூன்று பறவைகளும் ஒரே கணத்தில் தலையை உயர்த்தின. மாலை வெயில் அவற்றின் கழுத்தில் பட்டது. அழுத்தினேன். அடுத்த கணம் பெரிய பறவைகள் இரண்டும் ஊரெல்லாம் கேட்கும்படி முழங்கிவிட்டு, குஞ்சை நடுவில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்து புல்லுக்குள் மறைந்தன. நான் கரையேறியபோது சர்தார்ஜி அங்கே நின்றிருந்தார். சேறு படிந்த என் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விடுதி வரும்வரை ஒரு பறவையின் பெயரையும் அவர் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு அந்தப் படம் திரையில் வந்ததும் நண்பர்கள் ‘ஆகா’ என்றார்கள். இறகுக்கு இறகு தெளிவு. மூன்று கழுத்துகள் வரிசையாக உயர்ந்து நின்றன. அம்மையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, “மிக நல்ல படம். மூன்றும் எதைப் பார்க்கின்றன?” என்று கேட்டார்.

“என்னை” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

உறக்கம் வரவில்லை. என் தந்தையார் எடுத்த ஒரு படம் நினைவுக்கு வந்தது. 1985-ஆம் ஆண்டு ஜனவரியில் அலுவலக நண்பர்களுடன் இதே பரத்பூருக்கு வந்திருந்தார். க்ளிக் 3 காமிராவுக்குத் தொலைவிலுள்ளதை அருகே கொணரும் வசதி கிடையாது. படத்தில் பரந்த நீரும், கலங்கிய அடிவானமும், நடுவே இரண்டு வெண்புள்ளிகளும் மட்டுமே இருக்கும். பின்புறத்தில் “பரத்பூர். சைபீரியக் கொக்கு. இரண்டு” என்று நீல மையில் எழுதியிருப்பார். வீட்டில் நாங்கள் அதை “அப்பா எடுத்த உப்பு” என்று கேலி செய்வோம். அவரும் சிரித்துவிட்டு, “படம் விழவில்லைதான், ஆனால் நான் பார்த்தேன்” என்பார்.

சைபீரியக் கொக்கின் கதையைப் பூங்காவில் எல்லாரும் சொல்வார்கள். பால்போன்ற வெண்மை, சிவந்த முகம், பறக்கும்போது மட்டும் தெரியும் கருஞ்சிறகு நுனி. மேற்குச் சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக ஆயிரக்கணக்கான மைல் பறந்து, குளிர்காலத்தைக் கழிக்க இவ்வேரிக்கு வந்துகொண்டிருந்தது. நீருக்கடியிலுள்ள கோரைக் கிழங்கு அதன் உணவு. 1960-களின் நடுவில் ஏறத்தாழ 200 பறவைகள் வந்தன. வழியில் வேட்டையாடப்பட்டும், தங்குமிடங்கள் அழிந்தும் ஆண்டுதோறும் குறைந்தன. 2001-2002 குளிர்காலத்தில் ஓர் இணை வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. வழியை இளங்குஞ்சுகளுக்குக் காட்டுபவை பெற்ற பறவைகளே. அவை அற்றுப்போனால் வழியும் அற்றுப்போகிறது.

மறுநாள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்து எல்லாருக்கும் காட்ட வேண்டும். அது நாமே எடுத்ததாக இருக்க வேண்டும் என்று அம்மையார் சொல்லவில்லை. தில்லியிலுள்ள என் மகளைத் தொலைபேசியில் அழைத்து, தாத்தாவின் பழைய ஆல்பத்திலிருந்து அப்படத்தைத் தேடியெடுத்து, பெரிதாகத் தெரியும்படி படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். “எந்தப் படம் அப்பா?” என்றாள். “உப்புப் படம்” என்றேன். அவள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. கேலி செய்யக்கூட அதை நாங்கள் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை.

அரை மணி நேரத்தில் படம் வந்தது. கைத்தொலைபேசியில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கல்தான். ஆயினும் இத்தனை ஆண்டுகள் நான் காணாத ஒன்று அதில் இருந்தது. வெண்புள்ளிகள் இரண்டுக்கும் தலை இல்லை. இரண்டு பறவைகளும் தலையை நீருக்குள் விட்டுக் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருக்கின்றன. கரையில் ஒரு மனிதர் நின்று தங்களைப் பார்க்கிறார் என்பதே அவற்றுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் விடியலில் மீண்டும் ஏரிக்கரைக்குச் சென்றோம். பனி மிகுதி. சர்தார்ஜியிடம் முந்தைய நாள் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “என்னிடம் எதற்கு, பாபுஜி?” என்றார். சற்று நேரம் கழித்து, “அதோ, மரத்தடியில் மலைப்பாம்பு வெயிலுக்கு வெளியே வரும், காத்திருங்கள்” என்று கை காட்டினார். காத்திருந்தேன். பத்து மணிக்கு அது வந்தது. அன்று நான் எடுத்தவை மொத்தம் ஐந்து படங்கள். ஐந்தும் தொலைவிலிருந்து எடுத்தவை.

பிற்பகலில் படங்களைக் காட்டினோம். மருத்துவர் பறக்கும் வாத்துகளை வேண்டுமென்றே மெதுவான வேகத்தில் எடுத்து, சிறகுகள் தூரிகையால் தீட்டிய கோடுகளாகத் தோன்றச் செய்திருந்தார். மாணவர் ஒருவர் நீரில் தெரிந்த மரத்தின் நிழலை மட்டும் எடுத்திருந்தார். என் முறை வந்தபோது தந்தையாரின் படத்தைக் காட்டி, ஆண்டைச் சொன்னேன். யாரும் ‘ஆகா’ என்னவில்லை. வெளியே நின்ற சர்தார்ஜியை அம்மையார் உள்ளே அழைத்துக் காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சற்றும் தயங்காமல் ஏரியின் எந்தப் பகுதி அது என்று சொன்னார். சிறுவனாயிருந்தபோது தம் தந்தையின் ரிக்ஷாவில் உட்கார்ந்து அக்கொக்குகளைப் பார்த்தவராம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது நலம். அதற்கு முந்தைய மாதங்களில் நாரைகள் கூடு கட்டுவதைக் காணலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டுவிடுவதும் உண்டு. மேலே பாஞ்சனா அணையிலிருந்து நீர் விடுவது பற்றி விவசாயிகளுக்கும் பூங்காவுக்கும் இழுபறி நேர்ந்து, 2004-ஐ அடுத்த ஆண்டுகளில் பெரும் வறட்சி கண்ட இடம் இது. பின்னர் கோவர்த்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். ஆகவே நீர் நிலவரத்தை விசாரித்துச் செல்லுங்கள். கம்பளி ஆடை மிகுதியாக வேண்டும். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். ரிக்ஷாக்காரர் சொல்வதைக் கேளுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள்.

வீடு திரும்பியபோது, மகள் அந்தப் படத்தை ஆல்பத்தில் திருப்பி வைக்காமல் மேஜைமேல் வைத்திருந்தாள். “இந்தப் பறவையை நானும் போய்ப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற தமிழில், தாத்தாவின் நீல எழுத்துகளுக்குக் கீழே, “2002-க்குப் பிறகு வறுவதில்லை” என்று எழுதினாள். ரகரம் பிழைபட்டிருந்தது. நான் திருத்தச் சொல்லவில்லை.